கடைக்குட்டிக்காக நேர்ந்துவிட்ட சேவல்

1

இந்த வசந்தகாலம் முழுக்க எங்கள் சமையலறையில் ஒரு வல்லூறுக் குடும்பம் குடியிருந்தது. கணினி வைக்க வேறு இடமில்லாமல் அதை மிக்சிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். காலையில் நான் தேநீர் போட வரும்போதே அந்த அம்மாக்காரி முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு திரையிலிருந்து என்னை முறைப்பாள். நானும் பதிலுக்கு முறைப்பேன். எங்கள் நாள் அப்படித்தான் தொடங்கும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய பஞ்சாலை ஊர். ஆலைகளை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. ஊர் நடுவே ஒரு தேவாலயம். அதன் கோபுரத்து உச்சியில் சரளைக்கல் நிரப்பிய ஒரு மரத்தட்டு. வல்லூறு முட்டையிட்டது அதில்தான். பறவைப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து அங்கே ஒரு கேமராவைப் பூட்டி, யார் வேண்டுமானாலும் எந்நேரமும் இணையத்தில் பார்க்கும்படி விட்டிருக்கிறார்கள். என் மகள் கயல்விழி பள்ளிக்கூடத்தில் இதைக் கேள்விப்பட்டு வந்து ஒருநாள் திறந்து வைத்தாள். அதற்குப் பிறகு யாரும் மூடவில்லை.

"ஒரு குடும்பத்தை இப்பிடி ஒளிஞ்சிருந்து பாக்கிறது சரியே?" என்று கேட்டார் என் கணவர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். சுற்றிலும் வேலி அடைத்து, படலை பூட்டிய வளவுக்குள் வளர்ந்தவர். நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் காம்பராக்கள், இடையில் இருக்கும் சுவர்கூடக் கூரையைத் தொடாது. பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால், "சுக்குத் தட்டிப் போட்டுக் குடி" என்று இங்கிருந்தபடியே சொல்லுவோம். எனக்கு என்ன கூச்சம்? அடுத்த வீட்டுக்காரி என்ன சமைக்கிறாள், புருஷன் நேரத்துக்கு வந்தானா என்று பார்க்காமல் நான் இந்த ஊரில் பத்து வருடம் இருந்ததுதான் அதிசயம்.

2

ஆமாம், பத்து வருடம். ஏப்ரலில் நிறைந்தது. கணவர் ஒரு கேக் வாங்கி வந்தார். கேக்கின் மேல் என்ன எழுதச் சொல்வதென்று தெரியாமல் வெறுமனே வாங்கி வந்துவிட்டார்.

அவர் ஹட்டனுக்குக் கணக்கு வாத்தியாராக வந்தவர். அங்கே என்னைக் கட்டினார், அதற்காக அவர் வீட்டில் வெகுநாள் பேசாமல் இருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே வந்தோம். இப்போது அவர் பஸ் ஓட்டுகிறார். நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன். வந்த புதிதில் நிரப்பாத படிவமில்லை. பிறந்த இடம் என்று கேட்ட கட்டத்தில் தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் நம்பர், காம்பராவின் நம்பர் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, இது என்ன சிறைச்சாலையா என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது சிரிப்பும் வந்தது.

கயல் இங்கே வரும்போது மூன்று வயது. இப்போது பதின்மூன்று. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'கேல்'. ஆசிரியை அப்படிச் சொல்ல ஆரம்பித்தார், இவளும் அதுதான் தன் பெயர் என்று இருந்துவிட்டாள். அவளுடைய தமிழ் பாதி அப்பாவுடையது, பாதி என்னுடையது, இரண்டும் போதாத இடத்தில் இங்கிலீஷ். போன குளிர்காலத்திலிருந்து இறைச்சி மீன் எதையும் தொடுவதில்லை. சனிக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பை அவளுடைய அப்பா தனியாகச் சாப்பிட்டுவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாக்கியம் அக்கா. எங்கள் அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலையில் கொழுந்து பறித்து அக்காதான் என்னைப் படிக்க வைத்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, அத்தானும் தவறிவிட்டார். இன்னும் அதே லயத்தில், அதே காம்பராவில் இருக்கிறாள். ஒருமுறை அவளை இங்கே கூப்பிட்டுப் பார்க்க விசாவுக்கு எழுதிப் போட்டோம். திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நிராகரித்துவிட்டார்கள். "எனக்கு ரெண்டு ஆடும் ஒரு கூட்டக் கோழியும் இருக்குன்னு நீ எழுதலியா? அதுகள விட்டுப்புட்டு நான் அங்க என்னா பண்ணப் போறேன்?" என்றாள் அக்கா. எழுதியிருக்கலாம்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் தொலைபேசி அட்டை வாங்கி அக்காவுக்குப் போன் போடுவேன். கடைசியில் கயலிடம் கொடுப்பேன். "நல்லாயிருக்கிறன் பெரியம்மா. நீங்க நல்லாயிருக்கிறீங்களா? சரி, அம்மாட்டக் குடுக்கிறன்." அவ்வளவுதான். பத்து வருடமாக அதே மூன்று வாக்கியம். எனக்கு வேறு பெரிய கவலை ஒன்றும் இல்லை, வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அக்காவுக்குப் போன் போட இந்த உலகத்தில் ஓர் ஆள் இல்லையே என்ற நினைப்பு மட்டும் பஸ்ஸில் போகும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் வந்து போகும்.

3

வல்லூறைப் பற்றி நான் முதலில் சொன்னபோது அக்காவுக்குக் கோபம்தான் வந்தது.

"அந்தச் சனியனையா பாத்துக்கிட்டு இருக்கீங்க? போன மாசந்தான் என் கோழிக்குஞ்சத் தூக்கிட்டுப் போச்சு. தகரத்தத் தட்டித் தட்டி எனக்குக் கையே விட்டுப்போச்சு."

பக்கத்தில் நின்ற கயல் அதைக் கேட்டுவிட்டு என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "பெரியம்மா, அது பாவம். அதுக்கும் பிள்ளையள் வரப்போகுது. நாலு முட்டை இருக்கு."

அக்கா கேட்டாள். "ஆம்பள என்னா பண்றான்?"

"அவர்தான் சாப்பாடு கொண்டு வாறார். அம்மா எழும்பிப் போனா அவர் முட்டையில இருப்பார்."

"அவன் அட காக்கிறானா?"

"ஓம்."

"இங்க அப்பிடி ஒருத்தனக் காட்டு பாப்போம்" என்றாள் அக்கா. அடுத்த நாள் மலையில் அவள் இதைச் சொல்ல, பெண்களெல்லாம் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். கங்காணி சத்தம் போட்டாராம்.

அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் என் கையை விட்டுப் போயிற்று. தோட்டத்தில் இணையம் ஏது? அக்காவிடம் இருப்பது சிடிஎம்ஏ என்கிற கம்பியில்லாப் போன் ஒன்று, அதையும் முன் திண்ணையில், இஸ்தோப்பின் ஓரத்தில் நின்று பேசினால்தான் கேட்கும். ஆகவே கயல் திரையைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், அக்கா அதைக் கேட்டு மறுநாள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். மழை பெய்தால் முட்டை நனையாதா, இரவில் அந்தக் கோபுரத்து மணி அடிக்காதா, ஆணுக்கும் பெண்ணுக்கும் சண்டை வருமா என்று அங்கிருந்து கேள்விகள் வரும். சொல்லத் தெரியாத சொல்லுக்குக் கயல் என்னைப் பார்ப்பாள். 'அலகு', 'இறகு முளைக்கிறது', 'கக்கிக் கொடுக்கவில்லை, பிய்த்துக் கொடுக்கிறாள்' என்று நான் எடுத்துக் கொடுப்பேன்.

அக்காவின் பக்கத்துக் காம்பராவில் செல்வி என்று ஒரு பெண், தலைப்பிள்ளைச் சூலி. செல்வி முந்துவாளா, முட்டை முந்துமா என்று மடுவத்தில் பந்தயமே நடந்தது. முட்டைகள் முந்தின. நாலும் பொரித்தன. சில வாரம் கழித்துச் செல்விக்கும் ஆண்குழந்தை பிறந்தது.

நாலில் கடைசியாகப் பொரித்தது சின்னஞ்சிறியது. மூத்த குஞ்சுகள் மூன்றும் வாயை அகலத் திறந்து வாங்கித் தின்ன, இது அவர்கள் காலுக்கிடையில் அகப்பட்டுக் கிடக்கும். "கடைக்குட்டின்னா அப்பிடித்தான்" என்றாள் அக்கா. பெயர் நிலைத்துவிட்டது. கயல் அந்த இணையப் பக்கத்தில் எல்லாரும் எழுதும் குறிப்புகளுக்கு நடுவில் அந்தப் பெயரைப் போட்டாள். சில நாளில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவர்களெல்லாம் 'இன்று கடைக்குட்டி சாப்பிட்டதா?' என்று இங்கிலீஷில் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

4

ஜூன் மாதத்தில் மூன்று பறந்துவிட்டன. கடைக்குட்டி மட்டும் தலையில் இன்னும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்க, தட்டின் விளிம்பில் நின்று சிறகை அடித்துப் பழகிக்கொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை நல்ல காற்றும் மழையும். நான் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது சமையலறையில் கயல் தமிழில் பேசுவது கேட்டது. அப்பாவோடு பேசுகிறாளாக்கும் என்று நினைத்தேன். அவர் பஸ்ஸோடு வெளியில் இருந்தார். எட்டிப் பார்த்தால், போனைக் கையில் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

"காணேல்ல பெரியம்மா. காத்தில விழுந்திட்டுது. தட்டில ஒருத்தரும் இல்ல."

ஞாயிறு இல்லை. நான் பக்கத்தில் இல்லை. அட்டையின் பின்னாலிருந்த அத்தனை எண்களையும் தானே அழுத்தி, தானே பெரியம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறது, எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

போன் வெளியே கேட்கும்படி வைத்திருந்தாள். அக்காவின் குரல் வந்தது. "அழுவாத தாயி. வந்துரும். நான் இந்த எடத்துலயே முனிக்கு நேந்துக்கிட்டேன். நீ கண்ணத் தொடச்சிக்க."

எங்கள் தோட்டத்தில் தேயிலை ஆலையை ஸ்டோரு என்போம். ஸ்டோருக்கு எதிரே ஒரு பெரிய மரத்தடியில் ரோதை முனி இருக்கிறார். உள்ளே சுற்றுகிற சக்கரங்களுக்கும் அதில் வேலை செய்கிறவர்களின் கை காலுக்கும் அவர்தான் காவல். சின்னச் சின்னக் காரியத்துக்கெல்லாம் மாரியம்மன் போதும். முனியிடம் போவதென்றால் அது வேறு காரியம்.

மறுநாள் காலையில் ஒரு ரொட்டிக்கடையின் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் கடைக்குட்டி அகப்பட்டது. பறவைக்காரர்களில் ஒருவர் அதைத் துவாயால் மூடிப் பிடித்து, பூனை கொண்டுபோகிற பெட்டியில் போட்டு வைத்தியரிடம் காட்டி, சாயந்திரம் கோபுரத்தில் ஏற்றிவிட்டார். திரையில் பார்த்தோம். உலகத்து மேலேயே கோபம் என்பதுபோல் சிலிர்த்துக்கொண்டு நின்றது. "ஆள் தப்பீட்டான்" என்றார் கணவர். அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

5

ஞாயிற்றுக்கிழமை அக்கா சந்தோஷமாகச் சொன்னாள். "செவலச் சேவலுக்கு மஞ்சக் கயிறு கட்டியாச்சு தாயி. வார ஞாயித்துக்கெழம முனிக்குக் குடுத்துருவோம்."

"சேவலை என்ன செய்வீங்க பெரியம்மா?"

அக்காவுக்கு மூடி மறைக்கத் தெரியாது. அறுத்து, பொங்கி, படைத்து, எல்லாரும் சாப்பிடுவது என்று சொன்னாள். கயல் போனை மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். "என்ர பறவைக்காக இன்னொரு பறவையைக் கொல்லுறதா? நான் கேட்டனா?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த ஞாயிறு போனுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அந்த மூன்று பழைய வாக்கியங்கள்கூட இல்லை.

"புள்ள எங்க?" என்பாள் அக்கா.

"படிக்கிறா."

"ம்" என்பாள். அவளுக்குத் தெரியும்.

என் கணவர் சமாதானத்துக்கு வந்தார். "இஞ்சேரும், சேவலை உயிரோட கோயில்ல விடுறதுதானே. எங்கட பக்கம் நேந்துவிட்டு அப்பிடியே விட்டிடுவினம்." அதை அக்காவிடம் சொன்னேன்.

"அது முருகனுக்கு. முருகன் சேவலக் கொடியில வச்சிருக்காரு. முனி என்னா, கோழி வளக்கவா ஒக்காந்திருக்காரு?" என்றாள். ஆனால் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அவள் சேவலைக் கொடுக்கவும் இல்லை. "புள்ள மனசு நோக நான் குடுத்தா அது வேண்டுதலா? புள்ள சரின்னு சொல்லட்டும். முனி கொஞ்சம் காத்துக்கிட்டு இருக்கட்டும்."

முனி காத்திருந்தார். லயம் காத்திருக்கவில்லை. நேர்ந்துவிட்ட சேவலை யாரும் அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. அது அந்தச் சேவலுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. செல்வியின் காம்பராவுக்குள் போய் அரிசிச் சாக்கின் மேல் ஏறி நின்று கூவுகிறதாம். கணக்கப்பிள்ளையைப் பெரட்டுக் களம்வரை துரத்தியதாம். இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு செல்வியின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ரெண்டு நாளில் விட்டாலும், முனியின் கடனைத் தீர்க்காமல் வைத்துக்கொண்டு இருந்தால் இப்படித்தான் என்று லயத்தில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். செல்வியே ஒன்றும் சொல்லவில்லையாம். மற்றவர்கள் சொன்னார்கள். அக்காவின் குரல் சுரத்தில்லாமல் போயிற்று. அவளும் பயந்துதான் இருந்தாள், ஆனாலும் அசையவில்லை.

எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம். அங்கே ஒன்று பிடிவாதம், இங்கே ஒன்று பிடிவாதம், நடுவில் நான். கயலை உட்கார வைத்து நாலு வார்த்தை ஏசலாம் என்றுகூட நினைத்தேன். ஏசி வரவழைத்து என்ன பேசப் போகிறாள்? நல்லாயிருக்கிறன் பெரியம்மா என்பாள். அதற்கு இதுவே மேல் என்று வாயை மூடிக்கொண்டேன்.

6

ஜூலை முடியும் சமயம். பறந்துபோன குஞ்சுகள் பசித்தால் இன்னும் அந்தத் தட்டுக்கு வந்து போகும். ஒரு நாள் தகப்பன் ஒரு புறாவைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். கடைக்குட்டி மட்டும் இருந்தது. இதுவரை தானாகப் பிய்த்துத் தின்றதில்லை. காலால் மிதித்துக்கொண்டு, எங்கே தொடங்குவதென்று தெரியாமல் இழுத்தது. இறகுகள் கேமராவில் வந்து ஒட்டின. கயல் முகத்தைத் திருப்பாமல் கடைசிவரை பார்த்தாள். நான் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு நின்றேன்.

"அம்மா, பெரியம்மா அந்தச் சேவலை வாங்கினதா?"

"இல்ல, அவ அடையில வச்ச முட்டைதான். மழ நாள்ல அடுப்புக்குப் பக்கத்துல வச்சு வளத்துருப்பா."

"அப்ப அவவுக்கும் கவலையாத்தானே இருக்கும்?"

எனக்கு அது தோன்றவே இல்லை. பத்து வயதிலிருந்து முனிக்குச் சேவல் கொடுப்பதைப் பார்த்தவள் நான், கொடுக்கிறவளுக்குச் சேவல் மேல் ஆசை இருக்குமா என்று யோசித்ததே கிடையாது. "இருக்கும்" என்றேன். "அவகிட்ட இருக்கிறதுல நல்லது அதுதான். அதான் முனிக்கு அதச் சொல்லியிருக்கா."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குப் பிடிக்கேல்ல. இனியும் பிடிக்காது. ஆனா அவ எனக்காகத்தான் சொன்னவ." பிறகு எழுந்து அட்டையைத் தேடினாள். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். "நானே எடுக்கிறன்" என்றாள்.

அக்கா எடுத்ததும் கயல் சொன்னது இவ்வளவுதான். "நீங்க குடுங்க பெரியம்மா. ஆனா எனக்கு ஒண்டும் ஒளிக்கக் கூடாது. நான் உங்களுக்கு எல்லாம் சொன்னனான்தானே. நீங்களும் எல்லாம் சொல்ல வேணும்."

"சொல்றேன் தாயி" என்றாள் அக்கா. அவள் மூக்கை உறிஞ்சுவது கடல் கடந்து கேட்டது.

அந்த ஞாயிறு கயல் போன் போட்டபோது அங்கே எல்லாம் முடிந்து, மரத்தடியில் சோறு பொங்கி இறக்கியிருந்தார்கள். அக்கா போனையும் அங்கே எடுத்துப் போயிருந்தாள், ஸ்டோருப் பக்கம் நன்றாகவே கேட்கும். மேளச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். சேவலைக் குளிப்பாட்டியதிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். தண்ணீர் தெளித்ததும் அது உடம்பைச் சிலிர்த்து உத்தரவு கொடுத்ததையும், அந்த நேரம் தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதையும்கூடச் சொன்னாள். கயல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். போனை வைக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். யாருக்காக நேர்ந்தோமோ அவர்களுக்குத்தான் முதல் பங்கு. அவர்கள் வராவிட்டால், தங்கள் பங்கு யாருக்கு என்று அவர்களே சொல்ல வேண்டும். சொல்லும்வரை மற்றவர்கள் கை நனைக்க மாட்டார்கள்.

"கடக்குட்டி எங்க வரப் போவுது? ஒன் பேரச் சொல்லித்தான் நேந்தேன்" என்றாள் அக்கா. "ஒம் பங்க எலையில எடுத்து வச்சிருக்கேன் தாயி. எல்லாரும் ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. யாருக்குக் குடுக்க?"

இறைச்சி தொடாத பிள்ளையிடம் இதைக் கேட்கலாமா? வேண்டாம் என்று வைத்துவிட்டால் அத்தனை பேர் முன்னால் அக்கா என்ன செய்வாள்? நான் போனை வாங்கக் கையை நீட்டினேன்.

கயல் கொடுக்கவில்லை. "செல்வியக்காவுக்குக் குடுங்க பெரியம்மா" என்றாள். "பிள்ளைக்குப் பால் குடுக்கிறவ. அவவுக்குத்தான் நல்லாப் பசிக்கும்."

அக்கா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கூப்பிட்டாள், மரத்தடி முழுக்கக் கேட்டிருக்கும். "ஏ செல்வி, புள்ளயத் தூக்கிட்டு இங்க வா. எம் மக ஒனக்குப் பங்கு சொல்லியிருக்கா."

செல்வி போனுக்கு வந்தாள். இருவரும் முன்பின் பேசியதில்லை. குழந்தைக்கு என்ன பெயர், காய்ச்சல் விட்டதா, கடைக்குட்டி இப்போது எங்கே தூங்குகிறது என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். பிறகு இன்னொரு பெண் வந்தாள், அவளும் ஏதோ கேட்டாள். பிறகு மறுபடி அக்கா. நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் முறை வருமென்று நின்றேன். கயல் போனை வைத்தாள்.

"வச்சிட்டியா? பெரியம்மா என்னக் கேக்கலியா?"

"இல்லையே. சோறு ஆறுதாம். வாற ஞாயிறும் என்னைத்தான் போன் எடுக்கட்டாம்."

பத்து வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்தது அன்றுதான். அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.